முகர்ஜி வரும் நாள்

1991இல் வைத்தீஸ்வரன் வீட்டில் தமிழை நிறுத்தினார். கல்கத்தாவில், கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் அவர் கிளார்க். மானேஜர் முகர்ஜி ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் மனது வைத்தால் ஆபீசர் ஆகலாம்.

"இது கிளார்க் வீட்டுப் பேச்சு. குழந்தை காதுல விழப்படாது" என்றார் மனைவி சுந்தரவல்லியிடம். "இங்கிலீஷ் பேசு. வரலைன்னா பெங்காலி."

"எனக்கு ரெண்டும் அரைகுறை."

"அப்போ பேசாம இரு."

மகள் ஸ்னேகாவுக்கு நான்கு வயது. ஒரு மாலை, "அம்மா, பசிக்கறது" என்று சொல்லிவிட்டாள். வைத்தீஸ்வரன் அவளை வராந்தாவில் நிறுத்திக் கதவைச் சாத்தினார். ஒரு மணி நேரம். பிறகு அவள் தமிழ் பேசவில்லை. சில வருஷங்களில் மறந்தும் போனாள். சுந்தரவல்லி சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் தனக்குத்தானே தமிழில் பேசிக்கொள்வாள்.

முகர்ஜிக்காக ஆறு பீங்கான் தட்டுகள் வாங்கினார்கள். முகர்ஜி வரவில்லை. மாற்றலாகிப் பம்பாய் போனார். வைத்தீஸ்வரன் ஞாயிறுதோறும் தட்டுகளைத் துடைத்து வைத்தார். கிளார்க்காகவே ரிடையர் ஆனார்.

2008இல் பக்கவாதம். கல்கத்தாவிலேயே, டாக்குரியா பகுதி வீட்டில் கட்டிலோடு கிடந்தார். பிற்பாடு கற்ற மொழிகள் போய்விட்டன, முதல் மொழி மட்டும் மிச்சம் என்றார் டாக்டர்.

டெல்லியிலிருந்து ஸ்னேகா மூன்று நாள் லீவில் வந்தாள். இரண்டு நாளும் அவர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, கீழே டாக்ஸி வந்து நின்றபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழறினார்.

"பாபா கீ போல்ச்சே, மா?" என்றாள் ஸ்னேகா. என்ன சொல்கிறார்?

சுந்தரவல்லி குனிந்து கேட்டாள்.

"முகர்ஜி சார் வரார். தட்டை எடு. இவ தமிழ்ல ஏதாவது சொன்னா என் மானம் போயிடும். வராந்தாவுல நிறுத்து."

ஸ்னேகா காத்திருந்தாள்.

நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்றாள் சுந்தரவல்லி, தன் அரைகுறை பெங்காலியில்.

ஸ்னேகாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காதருகே குனிந்து, "கேயேச்சி, பாபா. கேயேச்சி" என்றாள். சாப்பிட்டேன், சாப்பிட்டேன்.

அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அது தமிழ் இல்லை. முகம் தெளிந்தது. பாதி வாயால் சிரித்தார்.

என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் மா, பார், பார் என்றாள் ஸ்னேகா.

சுந்தரவல்லி சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள்.