கீழே வைக்காத கத்தி

"கையிலயே வச்சிரு ஆக்னஸ். கீழ மட்டும் வச்சிடாத. அலகத் தொடாத, விரல் ஈரம் பட்டா துரு ஏறும். ஏடிஎம் வரைக்கும் போயிட்டு பத்தே நிமிஷத்துல வந்துடுறேன்."

சொல்லிவிட்டுப் போன என் கணவர் வில்ஃப் முக்கால் மணி நேரமாக வரவில்லை.

பழைய போர்க்கத்திகள் விற்கும் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. பொருள் ஒருவர் கையில் இருக்கும்வரை இன்னொருவர் அதற்கு விலை கேட்கக் கூடாது. மேசையில் வைத்துவிட்டால் அடுத்து எடுக்கிற கைக்குச் சொந்தம். அந்த ஷெஃபீல்ட் தேவாலயக் கூடத்தில் அடுத்த கை, என் முழங்கையை ஒட்டி நின்ற டெஸ்மண்டுடையது. அவரும் முப்பது வருஷமாகக் கத்தி சேர்ப்பவர்.

"கை வலிக்குதாம்மா?" என்றார் டெஸ்மண்ட்.

"இல்ல."

"டீ வாங்கியாரட்டா?"

"வாங்கிட்டு வா. ஒரு கையால குடிச்சுக்குவேன்."

"கேக்கும் இருக்கே. அதுக்கு ரெண்டு கை வேணுமே."

"உன் பொண்டாட்டி சுட்டதா? அதுக்கு ரெண்டு கை பத்தாது, சுத்தியலும் வேணும்."

கடைக்காரர் ஹோரஸ் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கண் கதவிலேயே இருந்தது.

எங்கள் பின்னறைச் சுவரில் நாற்பத்தாறு கத்திகள் தொங்குகின்றன. கமாண்டோ வீரர்களுக்கு முதன்முதலில் செய்த, பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு பாம்பாய் நெளிந்த கத்தி ஒன்றுதான் இல்லை. "அது கிடைச்சா எல்லாத்தையும் மியூசியத்துக்குக் குடுத்துட்டு ஃபைலிக்கு வந்துடுறோம்" என்று ஜனவரியில் மகள் ஜில்லியனின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார் வில்ஃப். அந்தக் கடற்கரை ஊரில் தன் வீட்டில் கடலைப் பார்த்த அறை ஒன்றை அவள் எங்களுக்காகக் காலியாக வைத்திருக்கிறாள். கோடை வரைதான் வைத்திருக்க முடியும் என்றாள். இப்போது என் கையில் இருந்தது அதேதான். அந்தக் கூடத்தில் அந்தக் கத்தி என்னைவிட யாருக்கும் அவசியமாக இருந்திருக்காது.

கதவுக் கண்ணாடிக்கு வெளியே ஒரு பழுப்புத் தொப்பி தெரிந்தது. வில்ஃப்தான். மழையில் நின்றுகொண்டு நோட்டுகளை வெளியே எடுத்தார், உள்ளே வைத்தார். கார்வரை நடந்தார், திரும்பி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். என் முகத்தை அல்ல, என் கையை.

நான் எப்போது கீழே வைப்பேன் என்று காத்திருக்கிறார்!

டெஸ்மண்டும் பார்த்துவிட்டார். "வரமாட்டான் ஆக்னஸ். கடைசிது கிடைச்சிட்டா, அப்புறம் ஞாயித்துக்கிழமை மனுசன் எதத் தேடுவான்?"

"வாய மூடு."

"மூணு மணிக்கு ஹாலப் பூட்டிடுவாங்கம்மா" என்றார் ஹோரஸ். "ஒரு முடிவு சொல்லுங்க."

கை மெல்லத் தாழ்ந்தது. மேசைக்கும் கத்திக்கும் இடையே இரண்டு விரற்கடைதான். வைத்தால் டெஸ்மண்ட் எடுப்பார். வில்ஃப் ஓடிவந்து "அடடா" என்பார். அடுத்த ஞாயிறு வேறொரு கூடம், வேறொரு மேசை.

"வில்ஃப்ரட் ஆக்ராய்ட்! நனைஞ்சது போதும், உள்ள வாய்யா!"

கூடமே திரும்பியது. சொட்டச் சொட்ட வந்தார்.

"ஏடிஎம்ல கூட்டம்…"

"இந்த மழையில?"

அவர் கத்தியை உற்றுப் பார்த்தார். "இது அசல்தானா? தடுப்பு கொஞ்சம் சந்தேகமா…"

"காலைல லென்ஸ் வச்சு ஒரு மணி நேரம் பாத்தீங்களேய்யா!" என்று சீறினார் ஹோரஸ்.

வில்ஃப் குரலைத் தாழ்த்தினார். "இத வாங்கிட்டா, அப்புறம் நான் என்ன செய்யறது ஆக்னஸ்?"

"எனக்கும் தெரியாது. ஃபைலில போய் யோசிப்போம். பணத்தக் குடு."

கொடுத்தார். பிடியில் இறுகியிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தவரும் அவர்தான். டெஸ்மண்ட் தொண்டையைச் செருமினார்.

"உறை இல்லாம வாங்கிட்டியேப்பா. இதுக்கு ஏத்த உறை லீட்ஸ்ல ஒருத்தன்கிட்ட…"

வில்ஃபின் கால் நின்றது. "லீட்ஸ்ல எங்க?"

"நட."

"சும்மா கேட்டு வச்சுக்கலாம்னு…"

"நட!"

தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் அவரைத் தள்ளி, மகளின் எண்ணை நானே அழுத்தி, ரிசீவரை அவர் காதில் வைத்தேன்.

"ஜில்லியனா? அப்பாதாம்மா. இல்ல, ஒண்ணும் ஆகல. கிடைச்சிடுச்சு." என்னைப் பார்த்தார். மழை கண்ணாடியில் வழிந்தது. "அந்த ரூம யாருக்கும் குடுத்துடாத. வர்றோம்."