சனிக்கிழமை ஆஃப்பாயில்

டீனா திரும்பிப் பார்த்தாள். மாமனார் நேசமணி கொல்லைப்பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கணவன் ஃப்ரெடி குளித்துக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கவில்லை.

அடுப்பை அணைத்தாள். சட்டியில் ஆஃப்பாயில் கச்சிதமாக வந்திருந்தது. வெள்ளை முழுக்க வெந்து, ஓரம் கருகாமல், நடுவில் மஞ்சள்கரு தளும்பிக்கொண்டிருந்தது. ஆட்காட்டி விரல் நகத்தை அதன்மேல் வைத்து லேசாக அழுத்தினாள்.

மஞ்சள் உடைந்து வழிந்தது.

விரலை நைட்டியில் துடைத்துக்கொண்டு, குரலில் கொஞ்சம் சோகம் சேர்த்தாள். "இன்னாங்க, முட்டை உடைஞ்சுபோச்சு."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

வேறு எந்த வீடாக இருந்தாலும், உடைந்தால் உடைந்ததென்று மிளகுத்தூள் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இந்த வீட்டில் அப்படி இல்லை. நேசமணியின் அப்பா சைலஸ் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒருநாள் காலை அவருக்குப் போட்ட ஆஃப்பாயிலில் மஞ்சள் உடைந்தது. ஏதோ மனசு சரியில்லை என்று அவர் ஷிஃப்டுக்குப் போகவில்லை. அன்றைக்கு உள்ளே பாறை வெடித்து, அவரோடு வேலை செய்த இரண்டு பேர் மேலே வரவில்லை. அதிலிருந்து அந்தக் குடும்பத்தில் இது சட்டம். வேலைக்குப் போகிற ஆம்பளைக்குக் காலையில் ஆஃப்பாயில். மஞ்சள் உடைந்தால் அன்றைக்கு ஷிஃப்ட் கிடையாது.

சுரங்கத்தை மூடியாயிற்று. ஆளை இறக்குகிற கேஜும் நின்றுபோயிற்று. ஃப்ரெடி இப்போது கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு குடோனுக்குப் போய்வருகிறவன். பூமிக்கடியில் ஓரடிகூட இறங்காதவன். ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

ஃப்ரெடி துண்டோடு வந்து சட்டியை எட்டிப் பார்த்தான். நேசமணியும் பிரஷ்ஷும் கையுமாக வந்து பார்த்தார்.

"இன்னிக்கி ஷிஃப்ட் இல்லடா. போன் போட்டுச் சொல்லிடு."

"இன்னான்னு சொல்றது நைனா? முட்டை உடைஞ்சுதுன்னா?"

"வயித்தால போவுதுன்னு சொல்லு. அதுக்கு மேல எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

டீனா திரும்பி நின்று சிரிப்பை அடக்கினாள். அன்று சனிக்கிழமை. பங்காருபேட்டையில் அவள் தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம். ஃப்ரெடி வழக்கம்போல ஓவர்டைம் என்றிருந்தான். தங்கச்சி கல்யாணத்துக்கே டீனா தனியாகப் போய் நின்றவள். 'உன் வீட்டுக்காரர் நிஜமா இருக்காரா, போட்டோவில மட்டும்தானா' என்று சித்தி கேட்டது இன்னமும் காதில் இருந்தது. இந்தத் தடவை விடுவதாக இல்லை. அவள் கையில் இதுவரை ஒரு மஞ்சள்கரு தவறி உடைந்ததில்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் ஒன்றை அவள் யோசித்திருக்கவில்லை. ஃப்ரெடி போனை எடுத்துக் கூப்பிட்டது சூப்பர்வைசரை அல்ல. சுரங்கக் குடியிருப்பின் பின்வரிசையில், பின் லைனில், குடியிருக்கும் ரோனியை. அதே குடோனில் வேலை. அன்று அவனுக்கு லீவு.

"டேய் ரோனி, எனக்குப் பதிலா இன்னிக்கி போறியாடா?"

ஸ்பீக்கரில் தூக்கக் கலக்கத்தோடு ரோனியின் குரல் வந்தது. "முட்டையா அண்ணா?"

"ஆமாடா."

"சரி, போறேன். ஞாயித்துக்கிழமை எனக்கு ஆஃப்பாயில் போட்டுத் தரச் சொல்லு அண்ணிய."

கொஞ்ச நேரத்தில் ரோனி டிபன் பாக்ஸோடு வாசலைத் தாண்டிப் போனான். ஜன்னலில் நின்ற டீனாவைப் பார்த்துக் கையாட்டினான். அவனைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவளும் கையாட்டினாள்.

பங்காருபேட்டையில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஃப்ரெடி எழுந்து வெளியே போனான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"குடோன்ல சரக்கு அடுக்கு சரிஞ்சுடுச்சு. ரோனி காலு மாட்டிக்கிச்சு. நான் நிக்கிற இடம் டீனா. தினமும் நான் நிக்கிற இடம்."

டீனா இலையைப் பார்த்தாள். பிரியாணிக்கு நடுவில் அவித்த முட்டை ஒன்று பாதியாக வெட்டி வைக்கப்பட்டிருந்தது. அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

உயிருக்கு ஆபத்தில்லை. பெங்களூரில் ஆபரேஷன் செய்து, காலில் கம்பி வைத்து அனுப்பினார்கள். பழையபடி நடப்பானா என்று கேட்டதற்கு டாக்டர், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

ரோனி வீட்டுக்கு வந்த அன்று மூன்று பேரும் பார்க்கப் போனார்கள். கட்டிலில் படுத்தபடியே அவன் சிரித்தான்.

"ஃப்ரெடிண்ணா, இனிமே நீ ஆம்லெட் சாப்புடு. அதுல எது உடைஞ்சுதுன்னே தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். ரோனியின் மனைவி ஆனி மட்டும் சிரிக்கவில்லை. தலையணையைச் சரிசெய்தபடி சொன்னாள்.

"எங்க வூட்ல காலையில இட்லிதான் அக்கா. எங்களுக்கெல்லாம் யாரு முன்கூட்டி வந்து சொல்றாங்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் டீனாவுக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும்போது நேசமணி குஷியாக இருந்தார். "எங்கப்பனக் காப்பாத்துன அதே முட்டை, என் புள்ளையயும் காப்பாத்திடுச்சு பாத்தியா. கடவுள் நம்ம சட்டியில பேசுறாருடா."

"பாதிரி ஐயர்கிட்ட சொல்லிட்டேன் நைனா," என்றான் ஃப்ரெடி. "இந்த ஞாயித்துக்கிழமை சர்ச்ல சாட்சி சொல்லப்போறேன்."

டீனாவின் கால் நின்றுவிட்டது. ஆபத்திலிருந்து தப்பியவர்கள் ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் தங்களைக் காத்த விதத்தை எல்லார் முன்னாலும் சொல்வதுதான் சாட்சி. ஆனி பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பவள். கர்த்தர் ஃப்ரெடியை எப்படிக் காத்தார், ரோனியை ஏன் காக்கவில்லை என்று அவள் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கர்த்தருக்கு ஒரு நகம் இருந்தது. அது டீனாவின் நகம்.

சொன்னால் இந்த வீட்டில் தன் முகத்தை யார் பார்ப்பார்கள்? சொல்லாவிட்டால் ஆனியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஞாயிறு காலை ஃப்ரெடி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "ஆஃப்பாயில் போடு டீனா. இன்னிக்கிதான் அதைச் சாப்புடணும்."

டீனா முட்டையை முதலில் கிண்ணத்தில் உடைத்தாள். எண்ணெய் புகையாமல் தீயைக் குறைத்து, கிண்ணத்தைச் சட்டியோடு ஒட்டிச் சரித்தாள். கரண்டி நுனியால் சூடான எண்ணெயை வெள்ளையின் மேல் மட்டும் விட்டாள். முட்டை பிசகவில்லை. தட்டில் வழுக்கி இறங்கியபோது மஞ்சள் முழுசாக நின்று ஆடியது.

"பாரு, இன்னா அழகா கீது," என்றார் நேசமணி.

டீனா ஃப்ரெடிக்கு எதிரே நின்றாள். ஆட்காட்டி விரலை நீட்டி, இருவரும் பார்க்கப் பார்க்க, மஞ்சளை உடைத்தாள்.

"இன்னா பண்ற நீ?"

"அன்னிக்கும் இப்படித்தான் உடைச்சேன்."

ஃப்ரெடி தட்டையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தான். புரிய நேரமானது. "எதுக்கு?"

"ஞானஸ்நானத்துக்கு நீங்க வரணும்னு. ரோனியக் கூப்பிடுவீங்கன்னு நினைக்கல. கூப்பிட்டப்புறமாவது சொல்லியிருக்கலாம். சொல்லல."

நேசமணி தன் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எங்கம்மா கையிலயும் ஒரு மஞ்சள்கூடத் தவறி உடைஞ்சதில்ல. அன்னிக்கி மதியம் எங்கப்பனும் அம்மாவும் ராபர்ட்சன்பேட்டையில சினிமாவுக்குப் போனாங்கன்னு சொல்லுவாங்க. அங்கதான் பாறை வெடிச்ச சேதி வந்துதாம்." எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஃப்ரெடி குரலைத் தாழ்த்தினான். "இத்தோட விட்டுடு. நான் சாட்சி சொல்லல. நீயும் வெளிய சொல்லாத. சொன்னா மட்டும் அவன் காலு சரியாயிடுமா?"

"ஆகாது."

"அப்புறம் எதுக்கு?"

"கடவுள் தன்னை விட்டுட்டாருன்னு ஆனி நினைச்சுக்கினு இருக்கா. விட்டது நான்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பின் லைனுக்குள் திரும்பும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஃப்ரெடிதான். அதே வெள்ளைச் சட்டையோடு வந்துகொண்டிருந்தான்.

ரோனி வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே இட்லிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. ஆனி ஈரத் தலையில் துண்டோடு எட்டிப் பார்த்தாள்.

"வாங்கக்கா, வாங்கண்ணா. சர்ச்சுக்கு நேரமாவலியா? உக்காருங்க, சூடா ரெண்டு இட்லி வைக்கிறேன்."

டீனா உட்காரவில்லை. ஆட்காட்டி விரலில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

"நான் சொல்றத மொதல்ல கேளு ஆனி. அப்புறமும் எனக்கு வைக்கணும்னு தோணிச்சுன்னா வை."