ஜெபக்கனியின் ஒவ்வாமை

தூத்துக்குடி பக்கத்து ஊர்களில் மருந்து ஒவ்வாமை ஒரு ஆளாகத்தான் வரும். வந்தால் வந்த வீட்டிலேயே தங்கிவிடும். ஜெபக்கனியின் பென்சிலின் ஒவ்வாமை அவளுக்கு ஆறு வயதில் வந்தது. காய்ச்சலுக்குக் கம்பவுண்டர் ஊசி போட்டார். சாயங்காலம் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. மறுநாள் காலையில், பாவாடை சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை அடுக்களையில் உட்கார்ந்து ஆப்பம் தின்றுகொண்டிருந்தது.

"இனி இவளுக்கு பென்சிலின் ஆகாது. அந்தப் பிள்ளையையும் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பவுண்டர் போய்விட்டார். அம்மா இன்னொரு பாய் வாங்கினாள்.

இருவரும் சேர்ந்தே வளர்ந்தார்கள். ஜெபக்கனி எந்த டாக்டரிடம் போனாலும் ஒவ்வாமை முதலில் உள்ளே போய் நாற்காலியில் உட்காருவாள். "எங்களுக்கு அது ஆகாது" என்பாள். டாக்டர் தலையாட்டிவிட்டு வேறு மருந்து எழுதுவார். அது மெதுவாக வேலை செய்யும், அல்லது செய்யாது. கல்யாணக் காரில் ஒவ்வாமை முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். மாப்பிள்ளை ஆசீர் அவளை மதினி என்று கூப்பிட்டான்.

ஆசீர் கோயிலில் ஆர்கன் வாசிப்பவன். ஜெபக்கனி பாடகர் குழுவில் இருந்தாள். அவளுடைய இடது காதில் சீழ் வைத்தபோது வேறு மருந்து வந்து சேர்வதற்குள் காது போய்விட்டது. சுருதி பிடிபடவில்லை. அவள் நின்ற இடத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வாமை நின்றாள்.

"மதினி நல்லா எடுத்துப் பாடுறாங்க" என்று ஆசீர் மத்தியானச் சாப்பாட்டில் சொன்னான். ஜெபக்கனிக்கு அது வலது காதில் கேட்டது.

அவளுக்கு ஐம்பது தாண்டியதும் கீழ்க் கடைவாய்ப் பற்கள் போயின. மாலையில் ஆசீரும் ஒவ்வாமையும் முறுக்கைக் கடித்துக்கொண்டு பாட்டுகளைப் பற்றிப் பேசுவார்கள். ஜெபக்கனி தன் முறுக்கை டீயில் ஊறவைத்துத் தின்பாள். ஒருநாள் அவள் பல் டாக்டர் சங்கரவடிவிடம் போனாள். தாடை எலும்பில் ஒரு திருகை இறக்க வேண்டும், எலும்பு அதைப் பிடித்துக்கொண்டால் மேலே பல் வைக்கலாம் என்று அந்த அம்மாள் விளக்கினார். அதற்கு முன்னால் அமாக்ஸிசிலின் கொடுக்க வேண்டும்.

"அதுவும் பென்சிலின் சாதிதான். எங்களுக்கு ஆகாது" என்றாள் ஒவ்வாமை.

வேறு மருந்து கொடுத்தார்கள். முதல் திருகு ஆடி ஆடி ஒருநாள் சாம்பாரில் விழுந்தது. இரண்டாவது திருகு ஈஸ்டருக்கு முந்தைய தவசு நாட்களில், கோயிலில் மௌன ஜெபத்தின்போது விழுந்து, பீடம் வரை உருண்டு போனது. எல்லோரும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்கள்.

"ஒவ்வாமை கூட இருக்கறவங்களுக்குத் திருகு நிக்கிறது கொஞ்சம் கஷ்டம்தாம்மா" என்றார் சங்கரவடிவு. பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "ஆமா, இவங்க உங்களோடவங்கதானான்னு எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை.

திருநெல்வேலியில் அதற்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். மூவரும் பஸ்ஸில் போனார்கள். அவர் ஜெபக்கனியின் கையில் மருந்தைக் கொஞ்சமாகக் குத்திப் பார்த்தார். தோல் தோலாகவே இருந்தது. பிறகு ஒரு மாத்திரையை விழுங்கச் சொல்லிக் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஒவ்வாமையைப் பார்த்தார்.

"நீங்க இவங்களோடவங்க இல்லையே?"

"இல்லை" என்றாள் ஒவ்வாமை, டீயை ஆற்றிக்கொண்டே. "இவளுக்கு அன்னைக்கு வந்தது மணல்வாரி அம்மை. நான் அடுத்த வீட்டுக்கு வந்தவ. இவங்க வீட்டுக் கதவு திறந்திருந்துச்சு."

ஜெபக்கனி இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் பொத்தாவிட்டாலும் அந்தக் காதுக்கு ஒன்றுதான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"யாரும் கேக்கலையே."

வீட்டுக்கு வந்ததும் ஜெபக்கனி ஒவ்வாமையின் சேலைகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக் கட்டிலில் வைத்தாள். ஆசீர் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினான். அந்தச் சேலைகளை அடுக்கினான். அவற்றின்மேல் தன் வேட்டிகளையும் சட்டைகளையும் அடுக்கினான்.

"நீங்க எங்க போறீங்க?" என்று ஜெபக்கனி கேட்டாள்.

"இந்த வயசுல அவங்கள எப்படித் தனியா விடுறது? அவங்களுக்கு வேற யாரு இருக்கா?"

"எனக்கு?"

"உனக்கு என்ன?" என்றான் ஆசீர், பெட்டியை அழுத்தி மூடிக்கொண்டே. கேலியாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னான். "டாக்டரே சொல்லிட்டாரே, உனக்கு ஒண்ணும் இல்லைன்னு."

ஒவ்வாமை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "மருந்தெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள். இருவரும் சாத்தான்குளத்தில் வீடு பிடித்துத் தங்கினார்கள். அங்குள்ள கோயிலிலும் ஆர்கன் வாசிக்க ஆள் இல்லாமல்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் ஜெபக்கனியை நிறுத்தி, மதினி சுகமா இருக்காங்களா என்று விசாரித்தார்கள். சுகமாக இருப்பதாக அவள் சொன்னாள்.

மூன்றாவது திருகுக்குச் சங்கரவடிவு அமாக்ஸிசிலினே கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து வேண்டாம் என்று சொல்ல யாரும் இல்லை. திருகு அசையவில்லை. மேலே பல் வைத்தார்கள். ஜெபக்கனி கடைக்குப் போய் முறுக்கு வாங்கி வந்து, தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றாள். வீட்டில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. முன்பு அது இரண்டு பேர் கடிக்கும் சத்தம். இப்போது பாதியாகத்தான் இருந்தது. பொட்டலம் தீர்ந்ததும் அழுதாள். அழுது முடித்துவிட்டுப் பல் தேய்த்தாள்.

ஐப்பசி மழை பிடித்ததும் பல்லின் அடியிலிருந்து ஒரு தளிர் வந்தது. சங்கரவடிவு விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "வேர் நல்லாப் பிடிச்சிருக்கும்மா. வாராவாரம் கிள்ளி விட்டுக்கிட்டே இருங்க" என்றார். ஜெபக்கனி கிள்ளினாள். ஒன்றை மென்று பார்த்தாள். நன்றாகக் கசந்தது. சர்க்கரைக்கு நல்லது என்று எதிர்வீட்டுக்காரி சனிக்கிழமைதோறும் ஒரு கை கேட்டு வாங்கிப் போகிறாள்.