உயிரோடிருந்த எம்பிக்கு ஒரு கல்வெட்டு

தம்பித்துரை இதுவரை இருநூற்றுப் பதினான்கு பேரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியிருக்கிறார். அவர்களில் ஒருவர்கூட அதை வாசித்ததில்லை. எழுத்து மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் செத்த பிறகுதான் தம்பித்துரைக்கு அழைப்பு வரும்.

யாழ்ப்பாணத்துச் சனம் எந்த நாட்டுக்குப் போனாலும் ஒருவர் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் ஒரு புத்தகம் கொடுத்தாக வேண்டும். கல்வெட்டு என்பார்கள். செத்தவரின் படம், பிறந்த ஊர், பெற்றார், பிள்ளைகள், மருமக்கள், புகழ்ந்து நாலு பாட்டு. பேர்ன் நகரத்தில் முப்பது வருடம் உணவகக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தப் பாட்டுகளை எல்லாம் கட்டியவர் தம்பித்துரை. இப்போது பென்சன். ஆனாலும் சாவுக்குப் பென்சன் இல்லையே!

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தான் எழுதிய ஒருவர், ஒரே ஒருவர், அதைக் கையில் எடுத்து வாசித்து, சரி என்றோ பிழை என்றோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று மனைவி சந்திரமதியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அவரும் சிரித்தார்.

மே மாதக் கடைசியில் தமிழர் மன்றத் தலைவர் தங்கராஜா போன் எடுத்தார்.

"அண்ணை, லண்டனிலையிருந்து ஒரு எம்பி வாறார். டெஸ்மண்ட் ஹாக்லி. பழைய இடதுசாரி. ஜெனீவாவில கூட்டம் முடிச்சுப்போட்டு எங்களிட்ட வாறாராம். அவற்றை வாழ்க்கையைப் பற்றி எட்டுப் பக்கத்தில ஒரு புத்தகம் வேணும்."

"ஆள் உயிரோட இருக்கிறாரோ?" என்று தம்பித்துரை கேட்டார்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? உயிரோட இல்லாமல் எப்பிடி வாறது?"

அன்றிரவு தம்பித்துரைக்குச் சோறு இறங்கவில்லை. வாசிக்கக்கூடிய ஒரு மனிசன்!

ஹாக்லியின் வாழ்க்கையை இணையத்தில் தேடித் தேடி எடுத்தார். நெசவாலைத் தொழிலாளியின் கடைசி மகன். பஸ் கொண்டக்டர். தொழிற்சங்கத்தில் சேர்ந்து, முப்பத்தாறு வயதில் பாராளுமன்றம். அதன்பிறகு தொடங்கியது கூத்து. சொந்தக் கட்சி கொண்டுவந்த சட்டங்களுக்கே நானூறு தடவைக்கு மேல் எதிர்த்து வாக்குப் போட்டிருக்கிறார். மூன்று தடவை சபையை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு கலியாணம். "முந்தின மனுசியையும் போடவோ?" என்று தம்பித்துரை கேட்க, "போடாமல் விட்டால் அவ பிறகு சண்டைக்கு வருவா" என்றார் சந்திரமதி.

ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? எழுத எழுத அது தன் பாட்டுக்குப் பழைய தடத்திலேயே ஓடியது. 'அமைதியின் இருப்பிடமே, அதிர்ந்து ஒரு சொல் பேசாத உத்தமனே' என்று ஐந்தாம் பக்கத்தில் பாட்டு வந்து விழுந்தது.

சந்திரமதி எட்டிப் பார்த்தார். சந்திரமதி முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். காது கேளாத கிழடுகளோடு இருபது வருடம் கதைத்துக் கதைத்து, வீட்டிலும் அதே சத்தம்தான்.

"இஞ்சருங்கோ! இந்தாள் மேசையில அடிச்சுக் கத்துறதை இப்பதானே யூடியூப்பில பாத்தனாங்கள்?"

"கல்வெட்டில கத்தினவர் எண்டு எழுதேலுமோ? அதுக்கெண்டு ஒரு முறை இருக்கு."

"இது கல்வெட்டு இல்லையப்பா!"

தம்பித்துரை காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'ஜூன் பதினான்கு, சனிக்கிழமை, மாலை நான்கு மணி, பூம்ப்ளிஸ் மண்டபம்' என்று கடைசி வரியைப் போட்டு, வில் நகரத்திலிருக்கும் குகநாதனுக்கு அனுப்பிவைத்தார்.

குகநாதன் பகலில் தொழிற்சாலை வேலை, மற்ற நேரம் வீட்டு நிலவறையில் அச்சுவேலை. பொல்லாத கெட்டிக்காரன், அதுதான் வினை. தம்பித்துரை அண்ணையிடமிருந்து இத்தனை வருடத்தில் செத்தவீட்டு விசயம் தவிர வேறொன்றும் வந்ததில்லை. ஆகவே ஹாக்லியின் படத்துக்கு மாலை போட்டார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தார். பார்த்தால் இறந்த திகதியைக் காணவில்லை. பாவம், கவலையில் அண்ணை மறந்துவிட்டார் போலும். ஜூன் பதினான்கு அந்தியேட்டி என்றால் முப்பத்தொரு நாள் பின்னுக்கு எண்ண வேண்டியதுதானே? விரல் விட்டு எண்ணி, 'மறைவு: 15.05.2025' என்று அழகாகப் போட்டார். அத்தோடு நின்றாரா? சனத்துக்கு உதவியாக இருக்கட்டும் என்று அட்டைப்படத்தை நாள், நேரம், இடத்தோடு எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினார்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்குச் சந்திரமதியோடு மண்டபத்துக்குள் நுழைந்த தம்பித்துரை விறைத்துப்போய் நின்றார். மன்றத்தின் அரசியல் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தாலே தங்கராஜா தேங்காய் உடைப்பார். இப்போது முந்நூறு பேர். ஆண்கள் வெள்ளை வேட்டி, பெண்கள் வெள்ளைச் சேலை. எல்லாருடைய முகமும் தொங்கிப்போயிருந்தது. எல்லாருடைய கையிலும் புத்தகம்.

"நல்ல மனிசனாம். அதிர்ந்து பேசமாட்டாராம்" என்று முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார்.

தங்கராஜா ஓடிவந்தார். கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போலிருந்தது.

"அண்ணை, என்னண்ணை செய்து வச்சிருக்கிறியள்? உயிரோட இருக்கிற எம்பியைச் சாக்கொண்டுபோட்டியளே!"

"நான் திகதி போடேல்லைத் தம்பி. சத்தியமாப் போடேல்லை."

குகநாதன் மிச்சப் பெட்டியோடு பக்கத்தில் நின்று, "நான்தான் எண்ணிப் போட்டனான். கணக்குச் சரிதானே அண்ணை?" என்று பெருமையாகக் கேட்டார். தங்கராஜா அவருடைய கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி மேடைக்குக் கீழே தள்ளினார். சனத்தின் கையில் இருந்ததைப் பிடுங்கத் தொடங்குவதற்குள் கதவு திறந்தது.

செத்தவர் உள்ளே வந்தார்.

ஆறடி உயரம், கசங்கிய கோட்டு, நரைத்த பரட்டைத்தலை. பின்னால் மொழிபெயர்க்க வந்த நிரஞ்சினி. முன்வரிசை அம்மா புத்தகத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், "ஐயோ பிள்ளையாரே!" என்று கத்திக்கொண்டு கதிரையில் ஏறிவிட்டார். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் சுவிஸ்காரர் வெள்ளை உடுப்புகளையும் மாலை போட்ட படத்தையும் கண்டு, வந்தவர் செத்தவரின் அண்ணனாக்கும் என்று நினைத்து, ஹாக்லியின் இரண்டு கையையும் பிடித்து ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். ஹாக்லி நன்றி சொன்னார்.

பிறகுதான் தன் முகத்தை மாலையும் விளக்குமாக முந்நூறு கைகளில் கண்டார். ஒன்றை வாங்கிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

"வரவேற்பு மலர் எண்டு சொல்லுங்கோ, பிள்ளை" என்று தங்கராஜா கெஞ்சினார்.

நிரஞ்சினி நீதிமன்றங்களில் மொழிபெயர்க்கிறவர். "பொய்யை மொழிபெயர்க்கமாட்டன் அண்ணை. நான் சத்தியம் செய்து குடுத்தனான்" என்றார். எம்பியின் பக்கம் திரும்பி, நீங்கள் மே மாதம் பதினைந்தாம் திகதி இறந்துவிட்டதாக இதில் போட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார்.

ஆசைப்பட்டதற்கு நல்லாய்க் கிடைத்தது, ஆள் கோபித்துக்கொண்டு போகப் போகிறார், புத்தகத்தையும் கிழிக்கப் போகிறார் என்று தம்பித்துரை நினைத்தார்.

ஹாக்லி பையிலிருந்து டயறியை எடுத்துப் புரட்டினார். ஏதோ சொன்னார்.

"அண்டைக்குத் தான் பல்லுப் புடுங்கப் போனவராம். கிட்டத்தட்டச் சரிதானாம்" என்றார் நிரஞ்சினி.

முதலில் தங்கராஜாதான் சிரித்தார், பயத்தில். பிறகு மண்டபமே சிரித்தது. கதிரையில் ஏறிய அம்மாவும் இறங்கிவிட்டார். ஹாக்லி மேடையில் ஏறி, தன் பேச்சுத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். நாற்பது வருட அரசியலில் தனக்கு இவ்வளவு கூட்டம் வந்ததில்லையாம். அதனால் புத்தகத்தை முழுதாக வாசியுங்கள், தான் கேட்க வேண்டும் என்றார். கையில் பேனையையும் எடுத்துக்கொண்டார்.

நிரஞ்சினி ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, தம்பித்துரை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். பரீட்சை மறுமொழி கேட்க நிற்கிற பிள்ளைபோல் எம்பியின் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெசவாலை என்றதும் எம்பி தலையாட்டினார். பஸ் கொண்டக்டர் என்றதும் ரிக்கெற் கிழிப்பதுபோல் கையைக் காட்டினார். முந்தின மனைவியின் பெயர் வந்தபோது, இதைப் போட்டது நல்லது என்றார்.

ஐந்தாம் பக்கம் வந்தது. அமைதியின் இருப்பிடம். அதிர்ந்து ஒரு சொல் பேசாத உத்தமன்.

ஹாக்லி எழும்பினார். மேசையில் ஓங்கி அடித்தார். ஒலிவாங்கி விழுந்து உருண்டது. மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் அவருக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை. நிரஞ்சினியும் விட்டுக்கொடுக்காமல் அதே சத்தத்தில் தமிழில் கத்தினார்.

"ஆர் இந்த ஆள்? எனக்கு இவரைத் தெரியாது! ஆஸ்பத்திரியை மூடேக்கை கத்தினனான்! ஆலையை மூடேக்கை கத்தினனான்! உங்கட சனம் சாகேக்கை தொண்டை கட்டுமட்டும் கத்தினனான், ஒருத்தரும் கேக்கேல்லை, ஆனாலும் கத்தினனான்! கத்தினதை எடுத்துப்போட்டால் என்ரை சீவியத்தில என்ன மிச்சம்? ஒரு பஸ் ரிக்கெற்! இதை நாளைக்கு என்ரை செத்தவீட்டில வாசிச்சால், வேறை ஆற்றையோ செத்தவீட்டுக்கு வந்திட்டம் எண்டு சனம் எழும்பிப் போயிடும்!"

சனம் கைதட்டியது. தம்பித்துரை தட்டவில்லை. அவருக்கு இராஜசிங்கம் நினைவுக்கு வந்தார். சீட்டாட்டத்தில் தோற்றால் மேசையையே கவிழ்க்கிற மனிசன். அந்த நேரம் அவரைப் பார்க்கவே ஊர் கூடும். அவருக்கு 'பொறுமையின் சிகரமே' என்று எழுதியவர் தம்பித்துரைதான். இப்படி இருநூற்றுப் பதினான்கு பேர். கோபக்காரர், குடிகாரர், ஊர்க்கதை கதைக்கிறவர், சாமத்தில் எழும்பிப் பாடுகிறவர், எல்லாரையும் ஒரே வெள்ளைத் துணியால் மூடிவிட்டிருக்கிறார். எழும்பி வந்து பிழை என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்துக்குள்ளேயே, கடவுளே, கடைசியில் ஒருவர் வாசித்துவிட்டார் என்ற சந்தோசமும் பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு நடந்தார்.

"ஐயா, பிழை என்ரைதான். என்னெண்டு எழுத?"

ஹாக்லி இந்தமுறை மெதுவாகச் சொன்னார். நிரஞ்சினியும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கத்தினார். பாதி நேரம் பிழையாக் கத்தினார். எண்டாலும் கத்தினார். இவ்வளவும் போதுமாம்."

தம்பித்துரை பாட்டை வெட்டிவிட்டு அதை எழுதினார். முப்பது வருடத்தில் அவர் எழுதிய முதல் உண்மையான வரி அதுதான். ஹாக்லி கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பும் ட்ராமில் தம்பித்துரை வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

"சனத்துக்கு முன்னால பேச்சு வாங்கிப்போட்டுச் சிரிப்பு என்ன சிரிப்பு?" என்றார் சந்திரமதி. பிறகு கண்ணைச் சுருக்கினார். "இஞ்சருங்கோ, எனக்கு என்ன எழுதி வச்சிருக்கிறியள்?"

"உமக்கோ? உமக்கு ஏன் எழுத?"

"எனக்குத் தெரியாதோ உங்களை?"

தம்பித்துரை யன்னலைப் பார்த்தார். மறைத்துப் பயனில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முதல் உமக்கு ஒப்பரேசன் நடக்கேக்கை, ஆஸ்பத்திரி வாங்கில குந்தியிருந்து எழுதினது. பயத்தில கை சும்மா இருக்கேல்லை."

சந்திரமதியின் சத்தம் இறங்கிவிட்டது. அது அவருடைய வழக்கம் இல்லை. தம்பித்துரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னெண்டு எழுதினியள்?"

"அமைதியின்... இருப்பிடமே..."

"என்னது?"

முழு ட்ராமும் திரும்பிப் பார்த்தது. ஒரு நாய் குரைத்தது.

"ஆர் அவ? ஆரைப் பற்றி எழுதினியள்? எடுங்கோ பேனையை! நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ! இருக்கேக்கையே பாத்துத் திருத்திப்போட்டுத்தான் போவன்!"

தம்பித்துரை பேனையை எடுத்தார். எழுதத் தாள் இல்லை; எம்பியின் புத்தகத்துப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். சந்திரமதி பிறந்ததிலிருந்து தொடங்கினார், ஒன்றையும் விடவில்லை. கடைசித் தரிப்பிடம் வந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஓட்டுநர் எழும்பி வந்து, இனி இறங்க வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார்.

"பொறும் தம்பி! நான் இன்னும் கலியாணமே கட்டேல்லை!" என்று சந்திரமதி தமிழிலேயே அவரைப் பார்த்துக் கத்தினார்.

தம்பித்துரை அதையும் எழுதிக்கொண்டார்.