கைக்கு எட்டிய தோட்டம்

சர்க்கரை நோயால் தையல்காரரின் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. முழுவதும் போவதற்குள் அழகாக எதையாவது காட்டிவிட வேண்டும் என்று அவர் மனைவி வாசலில் மூலிகைத் தோட்டம் போட்டாள். செங்கற்களை வண்டிச் சக்கரம் போல் அடுக்கி, இடைவெளிகளில் புதினா, துளசி, கற்பூரவல்லியும் நடுவில் எலுமிச்சைப்புல்லும் நட்டாள்.

"வண்டி எப்பம்மா கிளம்புது?" என்று கேலி செய்த பக்கத்து வீட்டு டீச்சர்கூட தினமும் நின்று ரசித்தார்.

செடிகள் தழைப்பதற்குள் தையல்காரருக்குப் பார்வை போய்விட்டது. ஒருநாள் தனியாக வெளியே வந்தவர் செங்கல் தடுக்கி விழுந்தார். பிறகு கட்டிலை விட்டு இறங்கவே மறுத்தார்.

"ஒரு மூலையில கிடக்கிறேன், விடு."

ஆசையாக அடுக்கியதே அவரைத் தள்ளிவிட்டதே என்று அவள் கடவுளிடம் அழுதாள். மறுநாள் சக்கரத்தைப் பிரித்தாள். செடிகளைத் தொட்டிகளுக்கு மாற்றி, வாசலை ஒட்டிய இடுப்பளவுச் சுவரின் மேல் வரிசையாக வைத்தாள். அவரைக் கெஞ்சி அழைத்து வந்து, கையை முதல் தொட்டியில் வைத்தாள்.

அவர் இலையைக் கசக்கி முகர்ந்தார். "புதினா." கை தடவிக்கொண்டே நகர்ந்தது. "துளசி... சக்கரத்தை ஏன் கலைச்ச? டீச்சர் அவ்வளவு புகழ்ந்தாங்களே!"

"டீச்சருக்காங்க நட்டேன்?"

கடைசித் தொட்டியைத் தாண்டியதும் கை வெறும் சுவரில் நின்றது. இருட்டு அப்படியேதான் இருந்தது.

"கேட் வரைக்கும் போக இன்னும் எத்தனை தொட்டி வேணும்?" என்று கேட்டார்.