நான் எழுதிய மதியங்கள்

மேஸ்திரிக்கு நான் கொடுக்க வேண்டியது ஒன்பதாயிரத்து முந்நூற்று அறுபது. மகளைப் பகல் சிகிச்சை மையத்தில் சேர்க்க முன்பணம் கேட்டார்கள். கையில் இல்லை, அவரிடம் வாங்கினேன். கிடங்கில் காலை ஆறிலிருந்து பதினொன்று வரை வழக்கமான வேலை. அது போக அவர் எப்போது கூப்பிட்டாலும் ஓடிவந்து கூடுதல் லாரி ஏற்ற வேண்டும், லாரிக்கு நூற்றிருபது கழியும் என்று பேச்சு. எழுபத்தெட்டு லாரி. அதை மூட்டையாகப் பெருக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முதுகு அன்றைக்கே படுத்திருக்கும்.

மகளுக்குப் பதினாறு வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். சாப்பாட்டைக் கண்டால் பயப்படும் நோய் அவளுக்கு. சாப்பாடு இல்லையே என்று பயப்படுவார்கள், இருக்கிறதே என்று யாராவது பயப்படுவார்களா என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அவளுக்கு அந்தத் தட்டுல பாம்பு இருக்குங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துல உட்கார்ந்து, பாம்பு இல்ல, சாப்பிடுன்னு சொல்லிட்டே இருக்கணும். தினம் ஆறு வேளை. மருந்துன்னு கேட்டா இதுதான் மருந்து."

பகல் மையம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. நீளமான மேசை, அதைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள், இரண்டு முனையிலும் நர்ஸுகள். பிள்ளைகள் எதைச் சாப்பிடுகிறார்களோ அதையே அவர்களும் சாப்பிடுவார்கள். எடை பார்க்கும்போது எண் கண்ணில் படாதபடி திருப்பி நிற்க வைப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திங்கள், புதன், வெள்ளி அங்கே. மற்ற நாள் வீட்டில், எங்கள் பொறுப்பில். செவ்வாய் மாலை ஒரு நர்ஸம்மா வீட்டுக்கே வந்து நாடி பார்ப்பார். எடையை மையத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

என் மனைவி மருந்து பாட்டில் அடைக்கும் கம்பெனியில் பத்து மணியிலிருந்து ஆறு வரை நிற்கிறவள். அதனால் வீட்டு நாட்களில் காலையும் இரவும் அவள் பார்க்க வேண்டியது. ஞாயிறு அவளுக்கு விடுப்பு, அன்றைக்கு எல்லா வேளையும் அவளே; செவ்வாய், வியாழன், சனியில் மதியச் சாப்பாடும் நாலு மணிப் பாலும் என் பொறுப்பு. என்ன சாப்பிட்டாள், எவ்வளவு மீதி என்று ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லியிருந்தார்கள்.

எழுதுவது எனக்குச் சிரமம் இல்லை. முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டதே கிடங்கில் டேலி எழுதத்தான். டேலி என்றால் மூட்டைக் கணக்கு. மூட்டை தோளிலிருந்து லாரிக்கு ஏறும்போதே கோடு போட்டுவிட வேண்டும். பிறகு போடலாம் என்று விட்டால் எண்ணிக்கை தப்பும், கூலியில் பிடிப்பார்கள். போன மூட்டை அந்தப் பக்கம் ஒழுங்காக இறங்கியதா என்பது இறக்குகிறவன் பாடு.

பதினொன்றரைக்கு வீட்டுக்கு வருவேன். பன்னிரண்டரைக்குத் தட்டில் சோறு, காய், இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் தயிர். அவள் முன்னால் வைப்பேன். வைத்த கையோடு தாளில் எழுதிவிடுவேன். சோறு, முழுதும். காய், முழுதும். அதற்குள் மேஸ்திரியின் போன் வந்துவிடும். "சாப்பிடும்மா, இதோ வந்துடறேன்" என்று செருப்பை மாட்டுவேன். ஒரு லாரி ஏற்றிவிட்டுத் திரும்பினால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். பாலுக்கும் அதே கதைதான். ஐந்து வாரம் இப்படிப் போனது.

ஆறாவது வாரச் செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா தாளைப் புரட்டிப் பார்த்தார். "அப்பாவோட மதியம் எல்லாம் முழுசா இருக்கு. அம்மாவோட ராத்திரிதான் அரையும் குறையுமா இருக்கு."

"இவர் என்ன மந்திரம் போடுறாரோ தெரியல," என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "நான் ஒரு மணி நேரம் தொண்டைத் தண்ணி வத்தப் பேசினா நாலு வாய். இவர் வச்சுட்டுப் போயிடறார், தட்டு காலி."

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

நர்ஸம்மா வாலுவைப் படுக்க வைத்து நாடி பார்த்தார், எழுந்து நிற்க வைத்துப் பார்த்தார். மறுபடியும் படுக்க வைத்தார். வாலு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். புழுங்குகிற நாளில் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள், அப்படியும் விரல் நகம் நீலமாக இருந்தது. நர்ஸம்மா பையை மூடிக்கொண்டு, கண்ணாலேயே என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டார்.

"எடை மூணு வாரமா இறங்குது. நாடி இன்னைக்கு நாப்பத்தேழு. தாளைப் பார்த்தா இது நடக்கவே கூடாதுங்க. இவ்வளவு சாப்பிடற பொண்ணுக்கு எடை இறங்குதுன்னா உள்ள வேற ஏதோ இருக்கு. குடலோ, தைராய்டோ, எதுன்னு தெரியல. ரத்தம் எடுக்கணும், ஸ்கேன் பண்ணணும்."

"அடுத்த செவ்வாய்க்குள்ள சரியாயிடுமா?"

"இன்னும் இறங்கினா வார்டுல சேர்க்கணும். மூக்கு வழியா குழாய் போட்டுச் சாப்பாடு." குரலைத் தாழ்த்தினார். "இதயமும் சதைதானே. சாப்பாடு வரலைன்னா உடம்பு அதையும் எடுத்துக்கும். பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. நானே பயந்துதான் சொல்றேன்."

நர்ஸே பயப்பட்டால் மூட்டை தூக்குகிறவன் என்ன செய்வான்? புதன்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது அவள் அறை வாசலில் நின்றேன். போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறியது. இறங்கியது. அடுத்தது வர நேரமானது. பிறகு ஏறியது. தெருவில் இறங்கிப் பாதி தூரம் போய், மறுபடி திரும்பி வந்து பார்த்தேன். அன்றைக்கு டேலியில் இரண்டு கோடு குறைந்து திட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை மதியம் வழக்கம்போல் தட்டை வைத்து, எழுதிவிட்டுக் கிளம்பினேன். கிடங்கு வாசலில் லாரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டயர் பஞ்சர். "முக்கால் மணி ஆகும், டீ குடிச்சிட்டு வா," என்றார் மேஸ்திரி. டீ குடிக்காமல் வீட்டுக்கு வந்தேன். பதினைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

வாலு சாப்பாட்டு மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்துகொண்டிருந்தாள். வேகமாக, யாரோ துரத்துகிற மாதிரி. தட்டு நான் வைத்தபடியே இருந்தது. முட்டை உருளக்கூட இல்லை.

"ஏன் திரும்பி வந்தீங்க?"

"பஞ்சர். ஏன் இன்னும் சாப்பிடல?"

"சாப்பிட்டாச்சே." தாளைக் காட்டினாள். "முட்டை ரெண்டு, முழுதும். தயிர், முழுதும். உங்க கையெழுத்துதானேப்பா."

கிண்டல் என்று நினைத்துக் கையை ஓங்கப் போனேன். அவள் உதடு நடுங்குவதைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது.

"நீங்க எழுதின உடனே தலைக்குள்ள ஒண்ணு சொல்லும், முடிஞ்சுது, இனிமே தொட வேணாம்னு. முதல் நாள் நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயந்தேன். அப்புறம்..." நின்றாள். "அப்புறம் கண்டுபிடிக்கவே மாட்டேங்கறீங்களேன்னு பயந்தேன்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்து பழைய தாள்களை எண்ணினேன். பதினாறு மதியம், பதினாறு பால். முப்பத்திரண்டு வேளைக்கு முழுதும், முழுதும் என்று நானே எழுதியிருக்கிறேன். அவள் உள்ளே ஒன்றும் போகவில்லை. தாளை நம்பி டாக்டர்கள் அவள் குடலில் நோயைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

போன் அடித்தது. மேஸ்திரி. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

"வந்து உட்காரு வாலு."

"முடியாது."

"நானும் போகல, நீயும் போக வேணாம். உட்காரு."

சோற்றை மறுபடி சூடாக்கினேன். எனக்கும் ஒரு தட்டுப் போட்டுக்கொண்டேன். முதல் வாய்க்கு இருபது நிமிடம். அவள் அழுதாள், கெஞ்சினாள், பிறகு குரல் மாறியது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "நீ ஒரு மூட்டை தூக்கி. உனக்கு என்ன தெரியும்? நீ செத்தாக்கூட நான் அழ மாட்டேன்." என்னை அவள் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. டாக்டரம்மா சொன்ன பாம்பு தட்டில் இல்லை, என் பிள்ளையின் வாய்க்குள்ளிருந்து பேசுகிறது என்று தோன்றியது.

"ஆமா, மூட்டை தூக்கிதான். சாப்பிடு," என்றேன்.

ஒரு மணி நாற்பது நிமிடத்தில் பாதித் தட்டு. என் சட்டை நனைந்துவிட்டது. இருநூறு மூட்டை ஏற்றினால்கூட அப்படி நனைந்ததில்லை.

அதன்பிறகு போனைக் கையில் எடுத்தேன். சொன்னால் இவன் பிள்ளையை வைத்துப் பார்க்கத் தகுதி இல்லாதவன் என்று வார்டுக்கு எழுதிவிடுவார்கள். சொல்லாமல் இன்றிலிருந்து ஒழுங்காக உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும்? அப்படியும் மனம் போனது. வாலு சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீல நகம். நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன்.

"தாள்ல இருக்கிற மதியம் எல்லாம் பொய்ங்க. நான் வச்சதைத்தான் எழுதினேன். அவ சாப்பிட்டதை எழுதல."

அந்தப் பக்கம் பேனா எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எத்தனை வேளை?"

"முப்பத்திரண்டு."

"இப்பப் பேசினா ஏதாவது சொல்லிடுவேன். வச்சிடறேன். அரை மணில வர்றேன்."

வந்தார். நாடி நாற்பத்துநாலு. அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மார்பில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். காகிதத்தில் கோடு ஓடியது. ஒரு மேடு, நீண்ட வெறும் கோடு, பிறகு ஒரு மேடு. அந்த வெறும் கோட்டைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன்.

மனைவி கம்பெனி உடுப்போடு ஓடிவந்தாள். எல்லாம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

"என் கை சாப்பாடுதான் அவளுக்குப் பிடிக்கலன்னு தினம் பாத்ரூம்ல அழுதுட்டு இருந்தேன்," என்றாள். அவ்வளவுதான். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டாக்டரம்மா கோட்டுக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விளிம்புல நிக்கறா. செவ்வாய் வரைக்கும் பார்க்கலாம். காலைல மட்டும் நாடி பார்க்க ஆள் வரும். ஒவ்வொரு வேளையும் பக்கத்துல ஆள் இருக்கணும், முடிச்சப்புறம் ஒரு மணி நேரமும் இருக்கணும். ஒரு வேளை தப்பினா நேரா வார்டு." என்னைப் பார்த்தார். "குடலைத் தேடிட்டு இருந்தோம். நீங்க சொன்னதால நிறுத்தினோம்."

அது பாராட்டா திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த ஐந்து நாளும் மேஸ்திரி போன் அடித்தால் எடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் அவள் தட்டைத் தள்ளியதில் கிண்ணம் உடைந்தது. வேறு கிண்ணத்தில் தயிர் வைத்தேன். ஞாயிறு அவள் அம்மாவும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். தினம் காலையில் நாடி பார்க்க வருகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். நாற்பத்துநாலு. நாற்பத்துநாலு. நாற்பத்தைந்து. செவ்வாய் மாலை நர்ஸம்மாவே வந்தார், இரண்டு தடவை எண்ணினார்.

"நாப்பத்தெட்டு. வார்டு இப்ப வேணாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே சொன்னார். "இதுக்குப் பேரு நல்லாயிட்டான்னு இல்லைங்க. இன்னும் ஒரு வருஷம் இப்படித்தான் உட்காரணும். அதுக்கு மேலயும் ஆகலாம்."

வாலு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அந்த எண் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் நர்ஸம்மா போனபிறகு, "நாளன்னைக்கு மதியமும் நீங்கதானே?" என்று கேட்டாள். கேட்டது என் மகளா, உள்ளே இருக்கும் அதுவா என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை. "நான்தான்," என்றேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் மேஸ்திரியிடம் போனேன். இனிமேல் கூடுதல் லாரிக்கு வரமுடியாது என்றேன்.

"ஒரு வாரமாத்தான் வரலையே. அதைச் சொல்ல வேற வந்தியா?" நோட்டைத் திறந்தார். "முப்பத்திமூணு லாரி கழிஞ்சிருக்கு. பாக்கி அஞ்சாயிரத்து நானூறு. யார் தருவா, உங்க மாமனாரா?"

"தகரப் பெட்டில என் பங்கை எடுத்துக்குங்க."

லாரிக்காரர்கள் கொடுக்கும் டீ காசைத் தகரப் பெட்டியில் போட்டு வருடக் கடைசியில் ஆளுக்குச் சமமாகப் பிரிப்பது எங்கள் கிடங்கு வழக்கம். என் பங்கில் கடைவாய்ப் பல் இரண்டைக் கட்டலாம் என்று வைத்திருந்தேன். மேஸ்திரி பெட்டியைத் திறந்து, கூட்டி, வகுத்தார்.

"அஞ்சாயிரத்து அறுபதுதான் வருது. முந்நூத்தி நாப்பது இடிக்குதே."

"சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "பொண்ணுக்கு எப்படி இருக்கு?"

"பயமா இருக்கு மேஸ்திரி."

"முந்நூத்தி நாப்பதுக்காக உன் வீட்டுப் பக்கம் வந்தேன்னு வை, என்னையும் பிடிச்சு உட்கார வச்சு ஒரு தட்டு வைப்பே. எனக்கு எதுக்கு அந்த வம்பு?" என் பெயருக்கு நேரே குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "தீர்ந்தது. மணி பன்னிரண்டாகுது, நின்னுட்டிருக்கே."