பூட்டு உடையவில்லை

கழுத்துக் கயிற்றில் கிடந்த சாவியால் ஏழாம் எண் அறையைத் திறந்து, ஷட்டரைத் தூக்கியதும் கத்திரியக்காவுக்குத் தலை சுற்றியது. உள்ளே ஒரு துடைப்பம் மட்டும் கிடந்தது. அதுவும் அவளுடையது இல்லை.

பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவள் அவள். பட்டப்பெயர் பாதி தொழிலால் வந்தது, மீதி நாக்கால் வந்தது. கடையில் மராமத்து நடந்த இரண்டு மாதமும் நாற்காலிகள், கண்ணாடிகள், முடி உலர்த்தும் மெஷின் எல்லாவற்றையும் இந்த வாடகைக் கிடங்கில் போட்டிருந்தாள். திங்கட்கிழமை கடை திறக்க வேண்டும். வருகிறவர்களைத் தரையில் உட்கார வைத்தா வெட்டுவது?

கிடங்கு வாசல் பலகையில் ஆளுயர எழுத்தில், 'உங்கள் பொருள், எங்கள் பொறுப்பு.' ஒப்பந்தத்தின் பதினான்காம் விதியில் எறும்பு எழுத்தில், 'திருட்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' மேனேஜர் அந்த வரியில் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

“கையெழுத்து உங்களுதுதானேம்மா?”

“ஆமா. நானும் கடையில ஒரு போர்டு மாட்டிடறேன், காது அறுந்தா கடை பொறுப்பில்லன்னு. நீங்க வந்து உக்காருவீங்களா?”

கூட வந்த தம்பி அவள் முழங்கையைப் பிடித்தான். “விடுக்கா. இவங்ககிட்ட பேசி என்ன ஆகப்போகுது?”

“நீ வாய மூடு!” அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருடம் கால் கடுக்க நின்று, அடுத்தவரை உட்கார வைக்க வாங்கிய நாற்காலிகள் அவை.

மேனேஜர் கொட்டாவியை அடக்கினார். “இது முதல்ல திருட்டுதானா? பூட்டு உடையவே இல்லையே. ஒரு கீறல்கூட இல்ல. நீங்களே எடுத்துட்டுப் போய் மறந்திருப்பீங்க.”

நாக்கு நுனி வரை வந்துவிட்ட வசவு அங்கேயே நின்றது. பூட்டு உடையவில்லை. அட, ஆமாம்! உடையவில்லைதான். கத்திரியக்கா குரலைத் தணித்துக்கொண்டாள். தம்பிக்கு அதுதான் பயமாக இருந்தது.

“சரி சார். போலீஸ்ல குடுக்கணும். பூட்டு நல்லா இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுங்க.”

“தாராளமா.”

“வெளியில வாங்கின பூட்டு போடக்கூடாது, எங்க பூட்டுதான்னு அன்னிக்குச் சொன்னீங்களே, அதையும்.”

“எங்க விதிதானே? எழுதறேன்.”

“மாத்துச் சாவி உங்க பீரோவுல பத்திரமா இருக்குல்ல? இல்லன்னா உங்க பேருதான் கெடும்.”

“அந்தப் பீரோவ என்னைத் தவிர ஒருத்தரும் தொட முடியாது!” அதையும் பெருமையாக எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அவள் நின்றபடியே ஒருமுறை முழுதாகப் படித்தாள். பிறகு கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினாள்.

“இருக்கறதே ரெண்டு சாவி. ஒண்ணு இது, குளிக்கும்போதுகூட நான் கழட்டல. இன்னொண்ணு ஒருத்தரும் தொட முடியாத பீரோவுல. பூட்டும் உடையல. அப்ப என் நாற்காலியெல்லாம் நடந்தா போச்சு? உங்க பதினாலாவது விதி திருடனுக்கு, சார். உங்க சாவி போட்டுத் திறந்தவனுக்கு இல்ல.”

மேனேஜரின் கை மெல்ல நீண்டது.

“அந்தக் காகிதத்த இப்படிக் குடுங்கம்மா. ஒரு வார்த்தைய மாத்திடறேன்.”

“வெட்டின முடிய ஒட்ட முடியாது சார்,” என்று காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தவள், தம்பியை இழுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.